அண்டை வீட்டார் மொழி

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ நாலு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள். அவற்றைச் சொல்லத் தக்க புலவர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறி, இருபத்திரண்டு ஆண்டுகளாக ரயில்வே பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளுக்கு ரசீது எழுதிவரும் ஒரு குமாஸ்தாவின் வீட்டார் நாங்கள். எங்களுக்கென்று சொல்ல ஒரே விஷயம் உண்டு. அது, எத்தியோப்பியா நாட்டின் அம்ஹாரிக் மொழியை நாங்கள் சிறிது கற்ற வரலாறு. ‘நாங்கள்’ என்பது மேடைப் பெருமைக்காகச் சொல்வதன்று. கற்றவர் மூவர்: குமாஸ்தா, அவர் மனைவி, அப்போது ஏழாம் வகுப்பில் படித்த மகள். மூவருள் மிகக் குறைவாகக் கற்றவரே இப்பொழுது உங்கள் முன் நிற்கிறார்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம், இந்த விசாகப்பட்டினத்தில் சின்ன வால்டேரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மறுபாதி காலியாயிற்று. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய வந்த ஓர் எத்தியோப்பிய மாணவர், மனைவியோடும் நான்கு வயதுப் பையனோடும் அதைக் கேட்டு வந்தார். அந்நாட்டு மாணவர் பலர் நம் ஊருக்கு வந்து படித்துச் செல்வது உங்களுக்குப் புதிதன்று. வீட்டுக்காரர் தயங்கி, “உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டா?” என்று எங்களைக் கேட்டார். ‘இல்லை’ என்று நாங்கள் உடனே சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றோம். நாங்கள் இவ்வூருக்குப் புதிதாய் வந்த காலத்தில் ‘அரவவாள்ளு’ என்று சொல்லி எங்களுக்கு வீடு மறுத்தவர்களும் உண்டு. அதை நாங்கள் ஒரு நாள் முழுவதும் மறந்திருந்தோம். மறுநாள் நினைவு வந்தது; சம்மதம் சொன்னோம். இதை இங்கே மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

அவர்கள் வந்த மறுவாரம் அந்த அம்மையார் எங்கள் வாசலுக்கு வந்து, இரண்டு விரலைக் காட்டி, கடிகாரத்தைச் சுட்டி, காப்பி அருந்துவதுபோல் சைகை செய்து, ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துச் சென்றார். நாங்கள் பகல் இரண்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய் நின்றோம். அவர்களோ காலை எட்டு மணி முதல் தரையில் பசும்புல் பரப்பிச் சாம்பிராணி புகைத்துக் காத்திருந்து சோர்ந்திருந்தார்கள். எத்தியோப்பியர் மணியை நள்ளிரவிலிருந்து எண்ணுவதில்லை, விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நமக்கு ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு எட்டு, அவர்களுக்கு இரண்டு. நிமிஷம் பிசகாமல் மணி எழுதும் ரயில்வே உத்தியோகஸ்தன் வீட்டுக்கு இது சிறிய அவமானமன்று. உதயாதி நாழிகை என்று நம் பாட்டனார்கள் எண்ணியதும் இதே கணக்குத்தான் என்று மகளிடம் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

ஆண்டுக் கணக்கிலும் ஒரு வேடிக்கை. பையன் பிறந்த ஆண்டு 2006 என்றார் தாயார். பன்னிரண்டு வயதுப் பையன் இவ்வளவு சிறியவனா என்று எங்களுக்குக் கவலையாகிவிட்டது. அவர்களுடைய ஆண்டு நம் ஆங்கில ஆண்டுக்கு ஏழு எட்டு ஆண்டு பின்தங்கியது என்று பிறகே தெரிந்தது. முப்பது நாள் கொண்ட மாதங்கள் பன்னிரண்டு. எஞ்சிய ஐந்தோ ஆறோ நாளுக்குப் பதின்மூன்றாவதாக ஒரு குட்டி மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11இல் பிறக்கிறது. நான்கு ஆண்டுக்கொரு முறை 12இல்.

அன்று காப்பி குடிக்க மாலையாயிற்று. காப்பி என்றால் தமிழர்களாகிய நமக்கு ஒரு கர்வம் உண்டல்லவா? அக்கர்வத்தை அன்றே இறக்கி வைத்தோம். பச்சைக் கொட்டையை விருந்தினர் எதிரிலேயே வறுத்து, எழும் புகையை ஒவ்வொருவரிடமும் கொண்டுவந்து முகரச் செய்து, இடித்துப் பொடியாக்கி, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துடைய மண் கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சிறு கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். முதல் ஊற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெகா. மூன்றாவது ஊற்றே ஆசீர்வாதம். அதற்கு முன் எழுந்து போவது மரியாதையன்று. காப்பிச் செடியின் பிறப்பிடமே அந்நாட்டுக் காடுகள் என்னும்போது, நாம் எதை அளந்து பேசுவது? எங்கள் சிக்கரி கலந்த காப்பியை அந்த அம்மையார் ஒருமுறை அருந்திப் பார்த்துப் பாலை மட்டும் புகழ்ந்தார்.

உணவிலே எங்களுக்குச் சங்கடம் நேரவில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள், பழைய எத்தியோப்பியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். புதனும் வெள்ளியும் விரத நாட்கள். விரதமென்றால் இறைச்சி, முட்டை மட்டுமன்று, பாலும் நெய்யும்கூட விலக்கு. ஆகவே மரக்கறி உண்ணும் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் அவ்வீட்டில் தடையில்லாத விருந்து. தெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்க வைத்து, ஒரு பக்கம் மட்டும் வேகவைத்து எடுக்கும் இஞ்செரா, எங்கள் வீட்டுத் தோசைக்குச் சிற்றன்னை முறையாகும். இங்கே தெஃப் கிடைக்காத நாட்களில் கேழ்வரகு மாவைக் கலந்து அம்மையார் சமாளித்தார். தம் கையாலேயே ஒரு கவளம் உருட்டி விருந்தினர் வாயில் ஊட்டுவதைக் குர்ஷா என்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய குமாஸ்தாவுக்கு அயலார் ஊட்டிவிட்டது அதுவே முதல்முறை.

பாடம் இப்படித் தொடங்கிற்று. மாலை வேளையில் திண்ணையில் பையனை உட்கார்த்தித் தாயார் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். “லெ, லு, லி, லா, லே, ல், லோ” என்று அவன் இராகமிடுவான். எங்கள் மகள் அதைக் கேட்டு, “அப்பா, இது நம்முடைய க, கா, கி, கீ அல்லவா?” என்றாள். உண்மைதான். அவர்கள் எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வது. மெய்யோடு உயிர் ஏறும்போது அவ்வெழுத்தின் உருவமே சிறிது மாறி, காலோ வளையமோ பெறுகிறது. முப்பத்து மூன்று எழுத்து, ஏழு வரிசை, பெருக்கினால் 231. நமக்கோ பன்னிரண்டும் பதினெட்டும் பெருகி 216. இவ்வளவு எழுத்தா என்று அயலார் மிரளும் இடத்தில் தமிழ்ப் பிள்ளை மிரள வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. நம் எழுத்தில் புள்ளி உண்டு. மெய் இரட்டித்தால் இரட்டித்தே எழுதுகிறோம். அவர்கள் இரட்டித்துச் சொல்வார்களே தவிர எழுத்தில் காட்டுவதில்லை. ‘கெனா’ என்றால் ‘இன்னும்’. ‘கென்னா’ என்றால் கிறிஸ்துமஸ். எழுத்தில் இரண்டும் ஒன்றே. 2020 ஜனவரி 6ஆம் நாள், “நாளைக் கிறிஸ்துமஸ்” என்று எழுதிப் பையன் எங்கள் கதவில் செருகிய சீட்டை, “நாளைக்கு இன்னும் நேரமிருக்கிறது” என்று படித்துவிட்டு நாங்கள் சும்மா இருந்தோம். இரவு அவனே வந்து கேட்டபிறகு திருத்திக்கொண்டோம். அவர்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி 7இல் வருவது.

பேச்சில் எங்களை மிகவும் வாட்டியது ‘நீ’ என்னும் சொல். நாம் ஆணையும் பெண்ணையும் ‘நீ’ என்றே அழைக்கிறோம். அவர்களுக்கு ஆணுக்கு ‘அந்தெ’, பெண்ணுக்கு ‘அஞ்ச்சி’. “சௌக்கியமா?” என்று ஆடவனைக் கேட்டால் “தெஹ்னா நெஹ்?”, பெண்ணைக் கேட்டால் “தெஹ்னா நெஷ்?”. ஆராய்ச்சி மாணவரைப் பல நாள் “தெஹ்னா நெஷ்?” என்று விசாரித்துவிட்டோம். அவர் பெருந்தன்மையோடு பதில் சொல்வார். பையன்தான் திண்ணையில் புரண்டு சிரிப்பான். நமது ‘நீங்கள்’ போல ‘இர்ஸ்வோ’ என்று மரியாதைச் சொல் ஒன்றுண்டு. அதில் ஆண் பெண் பேதமில்லை. இது நல்ல அடைக்கலம் என்று எல்லோரையும் ‘இர்ஸ்வோ’ என்று அழைக்கத் தொடங்கினோம். அம்மையார் மனம் வருந்தினார். வயதில் மூத்தவர் இளையவளை அப்படி அழைத்தால் விலக்கி நிறுத்துவதாகும் என்றார். அவர் மட்டும் எங்களை ‘இர்ஸ்வோ’ என்றே அழைத்தார். குமாஸ்தாவை ‘காஷே’ என்பார்; ‘என் கேடயம்’ என்பது அதன் பொருளாம். மனைவியை ‘எத்தியே’ என்பார், அக்கா முறை. ஊரில் நம்மைப் பெயர் சொல்லி அழைக்காமல் முறை சொல்லி அழைத்தவர்களை விட்டு வந்து எத்தனை காலமாயிற்று!

இலக்கணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்ஹாரிக் அரபு, எபிரேயம் முதலியவற்றின் இனத்தைச் சேர்ந்த மொழி. அவ்வினத்தில் அரபுக்கு அடுத்தபடி மிகுதியான மக்கள் பேசுவது. தமிழுக்கும் அதற்கும் உறவில்லை. இரண்டு சொல் ஒத்துவிட்டால் உலக மொழிக்கெல்லாம் தமிழைத் தாயாக்கிவிடும் கட்டுரைகள் சில ஆண்டு மலர்களில் வருவதுண்டு. அந்தத் துணிவு எங்களுக்கில்லை. ஆனால் வாக்கியம் அமையும் விதம் எங்களை வியக்க வைத்தது. வினை கடைசியில்தான் வருகிறது. ‘பெல்தோ ஹெதெ’ என்றால் ‘உண்டு போனான்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை, அதே வினையெச்சம். ‘வருகிறேன் என்று சொன்னான்’ என்னும்போது நாம் போடும் ‘என்று’ இருக்கிறதே, அவர்களும் அவ்விடத்தில் ‘பிலோ’ என்று போடுகிறார்கள்; ‘சொல்லி’ என்பதே அதன் பொருள். நாம் ‘கம்மென்று இரு’ என்கிறோம். அவர்கள் பையனை ‘ஸிம் பெல்’ என்று அதட்டுகிறார்கள், அதாவது ‘ஸிம்மென்று சொல்’. ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பு வரை இடறி விழுந்த குமாஸ்தா, இந்த மொழியில் மட்டும் வீட்டுக்குள் நடப்பதுபோல் நடந்ததற்குக் காரணம் இதுதான்.

நமது சிலேடை போன்ற ஒரு கலையும் அவர்களிடம் உண்டு. ‘மெழுகும் பொன்னும்’ என்று பெயர். தட்டான் மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அவ்விடத்தில் பொன்னை வார்க்கிறான். பாட்டின் மேற்பொருள் மெழுகு, உட்பொருள் பொன். காளமேகத்தின் சிலேடையை நாங்கள் விளக்கிச் சொன்னோம். மாணவர் பாதி புரிந்து முழுதும் மகிழ்ந்தார்.

ரயில்வேயைப் பற்றியும் பேசிக்கொள்வோம். அவர்கள் ரயிலுக்குச் சொல் ‘பாபூர்’. ஜிபூத்தித் துறைமுகத்திலிருந்து அடிஸ் அபாபா வரை 1897இல் போடத் தொடங்கிய பாதை 1917இல் தலைநகரை எட்டிற்று. நம் தென்னாட்டுப் பழைய பாதைகளைப் போல அதுவும் மீட்டர் கேஜ். இப்போது அதற்குப் பதிலாக 2016இல் மின்சாரப் பாதை திறந்திருக்கிறார்கள். தம் தந்தையார் ஒவ்வொரு திங்களும் அந்தப் பழைய வண்டியில் போய்வந்தவர் என்று மாணவர் சொல்வார். அத்தந்தையாருக்கு உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் இந்திய ஆசிரியர். சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி காலத்தில் நம் நாட்டு ஆசிரியர்கள் மிகப் பலர் அங்கே சென்று பணியாற்றினார்கள். ஆசிரியர் எந்த மாநிலத்தவர் என்று கேட்டுச் சொல்லும்படி கேட்டிருந்தோம். கேட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார்.

2020 மார்ச் மாதம் 25ஆம் நாள் ஊரடங்கு வந்தது. பயணிகள் வண்டியும் விமானமும் நின்றன. பார்சல் வண்டிகள் மட்டும் ஓடின. ஆகவே குமாஸ்தாவுக்கு அலுவல் நிற்கவில்லை. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை அம்மையார் எங்கள் கதவைத் தட்டினார். “அவர் தந்தையார் அர்ரெஃபு” என்றார். அச்சொல்லை எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ‘இளைப்பாறினார்’ என்று எழுதி வைத்திருந்தோம். பெரியவருக்கு ஏதோ நோய் இருந்து தணிந்தது போலும் என்று எண்ணி, “நல்லது” என்று சொல்லிவிட்டோம். பிறகே அவர் முகத்தைப் பார்த்தோம். நாம் ‘காலமானார்’ என்கிறோமே, அதுபோல அவர்கள் மரியாதையாகச் சொல்வது அது. அந்த ‘நல்லது’ இன்றும் எங்கள் நெஞ்சில் குத்துகிறது.

போக வழியில்லை. வேறு எத்தியோப்பிய மாணவர்கள் வரவும் வழியில்லை, தெருமுனையில் தடுப்பு. அவர்கள் ஊரிலே இத்திர் என்றொரு ஏற்பாடு உண்டு. தெருவாரெல்லாம் மாதாமாதம் சிறு தொகை கட்டி வருவார்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் கூடாரம் போடுவதும், வந்தவர்க்குச் சோறு போடுவதும், அழும் வீட்டாரோடு கூட உட்கார்ந்திருப்பதும் அந்தச் சங்கத்தின் கடமை. “இங்கே எங்களுக்கு இத்திர் இல்லை” என்றார் அம்மையார். நம் வழக்கப்படி அவ்வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லி, மூன்று நாளும் எங்கள் வீட்டிலிருந்து சோறு கொண்டுபோனோம்.

துக்கம் விசாரிக்க அவர்கள் மொழியில் ஒரு வாக்கியம் உண்டு. ‘கடவுள் உங்களுக்குத் திடம் அருளட்டும்’ என்பது பொருள். ஆணுக்கு ஒரு முடிவு, பெண்ணுக்கு ஒரு முடிவு, பலருக்கு ஒரு முடிவு. இந்த ஒரு நாளாவது பிழை நேரக்கூடாது என்று, வாசற்படி தாண்டுமுன் எங்கள் கூடத்தில் நின்று மூவரும் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். உள்ளே போய், “இக்ஸியாபெர் யாத்ஸ்நாச்சிஹு” என்றோம். பிழையில்லை. அவர் “ஆமென்” என்றார். தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். இரண்டு ஆண்டு கற்றது இதற்காகத்தான் என்று, சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஒரு திருப்தியும் எங்களுக்கு உண்டாயிற்று.

சற்று நேரத்தில் அவர் தாயாரிடமிருந்து தொலைபேசி வந்தது. அவர் பேசத் தொடங்கினார். நாங்கள் கவனித்துக் கேட்டோம். ஒரு சொல்லும் புரியவில்லை. அழுகையால் சொல் குழறுகிறது என்று முதலில் நினைத்தோம். ‘பிலோ’ வரவில்லை, எங்களுக்குப் பழகிய வினை முடிவு ஒன்றும் வரவில்லை. “அப்பா கோ, அப்பா கோ” என்று அவர் கதறியது மட்டும் யாரும் பெயர்த்துச் சொல்லாமலே எங்களுக்கு விளங்கிற்று. அம்மையார் எங்கள் பக்கம் திரும்பி, மெதுவாக, “அது ஓரோமோ. அவருடைய தாய்மொழி. எனக்கும் பாதிதான் தெரியும்” என்றார்.

அன்பர்களே, எத்தியோப்பியாவில் மொழிகள் பல. தாய்மொழியாகக் கொண்டோர் தொகையில் முதலிடம் ஓரோமோவுக்கே. அம்ஹாரிக் ஆட்சி மொழி. 1995ஆம் ஆண்டு அரசியல் சட்டம் அதைக் கூட்டாட்சியின் அலுவல் மொழியாக வைத்தது. 2020இல்தான் ஓரோமோவையும் வேறு மூன்று மொழிகளையும் அதனோடு சேர்க்க அரசு முடிவு செய்தது. சக்கரவர்த்தி காலத்துப் பள்ளியில் ஓரோமோவுக்கு இடமில்லை. இறந்த பெரியவர் வாழ்நாளெல்லாம் ஓரோமோ பேசியவர். மகனுக்குக் கடிதம் எழுதியதோ அம்ஹாரிக்கில், ஏனெனில் பள்ளியில் எழுதக் கற்றது அது ஒன்றே. கோந்தர்ப் பக்கத்தவரான மனைவியோடு மாணவர் பேசியதும் அம்ஹாரிக். நாங்கள் கேட்டது அவ்வளவே. வடநாட்டு வண்டிகளில், “உங்கள் ஊரிலும் இந்திதானே?” என்று யாராவது கேட்டால் முகம் சுளிக்கும் நாங்கள், இரண்டு ஆண்டு அடுத்த வீட்டில் இருந்தவரை, “உங்கள் தாய்மொழி எது?” என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் அம்மையார் வீட்டில் எஞ்சியிருந்த காப்பிக் கொட்டையை வறுத்தார். புல் இல்லை, சாம்பிராணி இல்லை. பெரெகா ஊற்றியபோது மாணவர் தாமாகவே தந்தையாரைப் பற்றிப் பேசினார். கணக்கு வாத்தியார் எந்த மாநிலத்தவர் என்று கேட்க மறந்துவிட்டதாகச் சொல்லி, எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பின் இரண்டரை ஆண்டு அவர்கள் இங்கே இருந்தார்கள். 2020 நவம்பரில் அந்நாட்டின் வடபகுதியில் போர் மூண்டு, 2022 நவம்பரில் பிரிட்டோரியா உடன்படிக்கையோடு ஓய்ந்தது. இடையில் அம்மையாரின் உறவினரைப் பற்றிச் செய்தி வராத வாரங்கள் உண்டு. அதை விரித்துரைக்க இது இடமன்று. எங்கள் நோட்டுப் புத்தகத்தின் மறுபுறத்தைத் திருப்பி ஓரோமோச் சொற்களை எழுதத் தொடங்கினோம். ஓரோமோவை 1991 முதல் உரோமானிய எழுத்தில் எழுதுகிறார்கள். ஆகவே அருமையாகக் கற்ற 231 எழுத்தும் அதற்கு உதவவில்லை. மாணவருக்கு ஓய்வு குறைவு. ஆராய்ச்சி நூல் முடிக்கும் காலம். ஏறத்தாழ நாற்பது சொற்களோடு அது நின்றது.

2023 ஜனவரியில் அவர்கள் புறப்பட்டார்கள். டில்லி செல்லும் வண்டிக்கு வழியனுப்பப் போயிருந்தோம். பெட்டிகளுக்குக் குமாஸ்தாவே கட்டுப் போட்டு, விலாசச் சீட்டு ஒட்டிக் கொடுத்தார்; அலுவலில் அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. மகள் பையனோடு அம்ஹாரிக்கில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ‘எத்தியே’யை விட்டு அம்மையார் கை எடுக்கவில்லை. வண்டி அசைந்தபோது, பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஓரோமோச் சொல்லை மாணவரிடம் சொன்னோம்: “நகாத்தி”. அமைதியோடு போய்வருக என்னும் கருத்துடைய விடைச் சொல்.

அவர் ஒரு கணம் பேசவில்லை. பிறகு படிக்கட்டில் நின்றபடியே, எங்கள் மகளிடம் என்று கற்றாரோ தெரியாது, தமிழிலே, “போய் வருகிறோம்” என்றார்.